சகலையின் சக்கரங்கள்

கண்ணாடிக்கடைக்காரருக்குச் சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது, மூட்டு வலிகூடக் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு சகலை. மற்ற வியாதிகளுக்காவது மாத்திரை உண்டு. அதையும் அந்தச் சகலையின் மருந்துக்கடையில்தான் வாங்கியாக வேண்டும் என்பது தனி அவமானம்.

மனைவியின் தங்கையைக் கட்டியவர் என்கிற ஒரு தகுதியை வைத்துக்கொண்டு அந்த மருந்துக்கடைக்காரர் செய்த அக்கிரமங்களை எழுதினால் மூன்று நோட்டு தீரும். நாற்பத்தெட்டு வயதில் தலைமுடி அப்படியே கருகருவென்று இருக்கிறது, அது ஒன்று. இவர் வாங்கிய அதே மாடல் சின்னக் காரை, அதே வருடம், மூன்றே வாரம் கழித்து வாங்கினார், அது இரண்டு. மூன்றாவதுதான் பொறுக்கவே முடியாதது. அந்தக் காரில் இவரைவிட வேகமாகப் போனார்.

ரோட்டில் அல்ல. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஊர் எல்லையில் ஒரு பழைய கிடங்குக்கு முன்னால் இருக்கும் தார் மைதானத்தில் ஆட்டோகிராஸ் நடக்கும். ஆரஞ்சு நிறக் கோன்களை, குடிகாரன் கோலம் போட்டதுபோல வளைத்து நெளித்து வைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் போகும். கோன்களுக்கு நடுவே புகுந்து, திரும்பி, கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும். எத்தனை வினாடி என்று கருவி சொல்லும். ஒரு கோனைச் சாய்த்தால் இரண்டு வினாடி அபராதம். பரிசு, உள்ளங்கை உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அந்தக் கோப்பைக்காகப் பேரன் எடுத்த ஆசாமிகள்கூட ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பல் பிடுங்கப் போகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

பதினாலு மாதமாகச் சகலைதான் முந்துகிறார். எவ்வளவு? முக்கால் வினாடி. ஒரு தும்மலுக்கு ஆகும் நேரம். அரை மணி நேரம் பிந்தித் தோற்றிருந்தால் கண்ணாடிக்கடைக்காரர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். முக்கால் வினாடி பல்லிடுக்கு நார் மாதிரி. வரவும் வராது, மறக்கவும் விடாது. அவருக்கு இருந்த வயிற்றெரிச்சலில் ஒரு தெருவுக்கே வெந்நீர் போட்டிருக்கலாம்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை" என்றார் மனைவியிடம். "அவன் நேரத்துக்குக் கீழ என் நேரம் வரணும். வந்துட்டா அப்புறம் காரை வித்துட்டு நடந்தே போறேன்."

"போன மாசம் ஷூ சரியில்லன்னீங்க. அதுக்கு முந்தின மாசம் வெயில் கண்ணுல அடிச்சுதுன்னீங்க. கண்ணாடிக்கடை வச்சுக்கிட்டு."

"அதெல்லாம் இல்ல, இப்பக் கண்டுபிடிச்சுட்டேன். வீல்! ரெண்டு காரும் ஒண்ணு. எஞ்சின் ஒண்ணு. அவன் மட்டும் வேற வீலும் டயரும் போட்டிருக்கான். நான் கம்பெனிக்காரன் குடுத்த இரும்பு வீல்லயே உருட்டிட்டு இருக்கேன்."

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் துணி மடிக்கப் போய்விட்டார்.

அடுத்த நாளே, மைத்துனிக்குச் செய்து வைத்திருந்த படிக்கிற கண்ணாடியைக் கொடுக்கிற சாக்கில் சகலை வீட்டுக்குப் போனார். சகலை கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனார். கார் நிறுத்துமிடத்தில் அந்த நாலு வீலும் தனியாக, ஒன்றன்மேல் ஒன்றாக, வெளுத்த படுக்கை விரிப்பால் மூடி வைக்கப்பட்டிருந்தன. பிறந்த குழந்தையைக்கூட அவ்வளவு பதமாகப் போர்த்த மாட்டார்கள். விரிப்பை விலக்கினார். கறுப்பு வீல். ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். வெறும் பஞ்சு மூட்டை. டயரில் நகத்தை அழுத்தினார். நகம் உள்ளே போனது. பக்கவாட்டில் ஏதேதோ எண்கள் எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தன. வீல் பதினைந்து அங்குலம், டயர் அகலம் நூற்றுத் தொண்ணூற்றைந்து. அவற்றுக்குக் கீழே தேய்மான எண் என்று பொடி எழுத்தில் இருநூறு. எல்லாவற்றையும் கைச்சீட்டில் குறித்துக்கொண்டார்.

"மாமா" என்று பின்னால் குரல் கேட்டது. மைத்துனி நின்றுகொண்டிருந்தாள். "என் கண்ணாடி உங்க மூக்குல இருக்கு."

"பவர் சரியா இருக்கான்னு போட்டுப் பாத்தேம்மா" என்று கழற்றிக் கொடுத்தார்.

"எப்படி இருக்கு?"

"அருமையா தெரியுது."

சாதாரண மனிதனாக இருந்தால் கைச்சீட்டில் இருந்ததை அப்படியே வாங்கியிருப்பான். ஆனால் பொறாமைக்காரன் காப்பி அடிக்க மாட்டான். அவனுக்கென்று ஒரு மானம் உண்டு. எதிராளி ஒன்று வைத்திருந்தால் இவன் ஒன்றரை வைத்திருக்க வேண்டும். டயர்க்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் கண்ணாடிக்கடைக்காரர் சீட்டில் இருந்த எண்களையெல்லாம் பெருக்கி முடித்துவிட்டார்.

டயர்க்கடையை நடத்தியது ஒரு அம்மாள். முழங்கை வரை கரி, காதில் பென்சில். கடைக்குள் புது ரப்பர் வாசனை மூக்கை அடைத்தது.

"பதினேழு அங்குல வீல் குடுங்க. டயர் எரநூத்துப் பதினஞ்சு அகலம். தேய்மான எண் அஞ்சூறு" என்றார் இவர்.

அந்த அம்மாள் அவரையும் வாசலில் நின்ற சின்னக் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தக் காருக்கா சார்?"

"ஆமா. ஏன்?"

"எங்க ஓட்டப் போறீங்க?"

"ஆட்டோகிராஸ்ல."

"அப்ப இதத் தூக்குங்க" என்று ஒரு பதினைந்து அங்குல வீலை நீட்டினார். தூக்கினார். "இப்ப அத." பதினேழைத் தூக்கியபோது இடுப்பில் ஏதோ 'டக்' என்றது. "இது ஆறு கிலோ. அது பதினோரு கிலோ. நாலு வீலுக்கு இருபது கிலோ கூடுது. சுத்துற கனம் சார், சும்மா உக்காந்திருக்கிற கனம் இல்ல. ஒவ்வொரு திருப்பத்துலயும் அதப் புடிச்சு நிறுத்தணும், மறுபடி உருட்டணும். அப்புறம் அந்த எண். அது பெருசா இருந்தா ரப்பர் கெட்டி. தேயாது, ஆனா ரோட்டப் பிடிக்காது. எரநூறு மெத்துனு இருக்கும், ஒட்டும். அஞ்சூறு போட்டா பத்து வருசம் உழைக்கும், வளைவுல மட்டும் வழுக்கிட்டுப் போகும்."

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணைச் சுருக்கினார். "மருந்துக்கடைக்காரர் இங்கதான் வாங்கினாரா?"

"ஆமா சார். அவருக்கும் இதையேதான் சொன்னேன்."

போதும். எல்லாம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது. சகலையின் ஆள் இவள்! பெரிய எண் இவருக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறான். உலகத்தில் எங்காவது ஐநூறு இருநூறைவிடக் குறைச்சலாக இருந்த சரித்திரம் உண்டா?

"அஞ்சூறே குடுங்க" என்றார் கம்பீரமாக.

அந்த அம்மாள் காதிலிருந்து பென்சிலை எடுத்து ரசீது எழுதினார். "புலியப் பாத்துப் பூன சூடு போட்டுக்கிட்டா நான் என்ன செய்ய முடியும்?" என்று ரசீதிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இவர் வந்து இறங்கியபோது சனமே திரும்பிப் பார்த்தது. வெள்ளி நிறத்தில் தகதகவென்று நாலு வீல். சின்னப் பையன் அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருந்தது கார். சகலை வழக்கம்போலச் சாக்பீஸால் தன் டயர் ஓரங்களில் மூன்று மூன்று கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஓட்டி முடித்த பின் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்தால் காற்று கூடவா குறைவா என்று தெரியும், அதற்காகப் போடுவது. இது இவருக்குத் தெரியாது. ஏதோ ராசிக்குப் போடுகிறான் என்று நினைத்து, சாக்பீஸ் இரவல் வாங்கி, தானும் போட்டார். ஒவ்வொரு டயருக்கும் ஆறு.

காலையில் ஆளுக்கு மூன்று ஓட்டம். சகலையின் மிக நல்ல நேரம் நாற்பத்தெட்டு புள்ளி ஒன்று. கண்ணாடிக்கடைக்காரர் முதல் திருப்பத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பினார். கார் ஒரு கணம் யோசித்தது. பிறகு நேராகவே போனது. இரண்டாவது திருப்பத்தில் டயர் உள்பக்கம் உரசிக் 'கர்ர்ர்' என்று கத்திய கத்தலில் கிடங்குக் கூரையிலிருந்த புறாக்களெல்லாம் அடுத்த மாவட்டத்துக்குக் குடிபோய்விட்டன. ஐம்பது புள்ளி எட்டு. மற்ற இரண்டும் அதற்கும் மோசம். முக்கால் வினாடி பின்னால் இருந்தவர், பணம் கொடுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இரண்டே முக்கால் வினாடி பின்னால் போய்ச் சேர்ந்தார்.

மதிய இடைவேளையில் அக்காவும் தங்கையும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சகலை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் அந்த மகாபாதகத்தைச் செய்தார்.

"அண்ணே, மத்தியானம் என் வீலப் போட்டு ஓட்டுங்க. ரெண்டுக்கும் ஒரே நட்டுதான், அப்படியே உக்காரும். உங்களுதை என் காருக்கு மாட்டிக்கிறேன், நிக்கத்தானே போகுது. எனக்குக் காலைல வந்த நேரமே போதும்."

கண்ணாடிக்கடைக்காரருக்குக் காது அடைத்தது. ஒரு மாதமாக 'வீல், வீல்' என்று புலம்பியதெல்லாம், அந்த வீல் தன் கைக்கு வராது என்கிற தைரியத்தில்தானே! இப்போது அதைப் போட்டும் தோற்றால் இனி எதைச் சொல்லிப் புலம்புவது?

"வேண்டாம் தம்பி, உனக்கு எதுக்குச் சிரமம்" என்றார்.

"போட்டுத்தான் பாருங்களேன்" என்றார் மனைவி. "ஊரெல்லாம் அதத்தானே சொல்லிட்டு இருந்தீங்க."

"ஆமா மாமா" என்றாள் மைத்துனி. "அன்னிக்கு என் கண்ணாடியப் போட்டு அவ்வளவு நேரம் பாத்தீங்களே!"

ஜாக்கி வைத்து, வீலை மாற்றி, சகலையே தன் கையால் நட்டை முடுக்கி, காற்றை அளந்து வைத்தார். அந்தப் பணிவைப் பார்க்கப் பிடிக்காமல் இவர் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மதியம் முதல் ஓட்டம் நாற்பத்தொன்பது புள்ளி ஒன்று. கார் வேறு காராக இருந்தது. திருப்பினால் திரும்பியது! இரண்டாவது, நாற்பத்தெட்டு புள்ளி ஐந்து. வாழ்க்கையிலேயே சகலைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை.

சகலை ஓடி வந்து ஜன்னலில் குனிந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா அண்ணே! நீங்க சொன்னதுதான் சரி. எல்லாம் வீல்தான்!"

தன் வாயால் நூறு முறை சொன்ன வார்த்தை சகலை வாயிலிருந்து வந்தபோது நஞ்சாக இருந்தது. ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிய, மூன்றாவது ஓட்டத்துக்காக வரிசையில் நின்றபோது கண்ணாடிக்கடைக்காரர் கணக்குப் போட்டார். தோற்றால், 'வீலக் குடுத்தும் முடியல பாவம்' என்பார்கள். ஜெயித்தால், 'சகலை வீல் ஜெயிச்சுது' என்பார்கள். கல்யாண வீடு, கருமாதி வீடு, எங்கே போனாலும் அவன் சொல்வான்: 'நான்தான் அண்ணனுக்கு வீல் குடுத்தேன்.' இப்படித் திரும்பினாலும் அவன் வெற்றி. அப்படித் திரும்பினாலும் அவன் வெற்றி.

பச்சைக் கொடி அசைந்தது.

இரண்டு பக்கமும் போச்சு என்று தெரிந்துவிட்ட மனிதனுக்குக் கை நடுங்காது. அன்று அவர் ஓட்டிய ஓட்டத்தை நான் வர்ணித்தால் நம்ப மாட்டீர்கள். தார் உருகியது என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். ஆகவே கொஞ்சம் உருகியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடேறிய டயர் மைதானத்தைக் கவ்விப் பிடித்தது. எந்தக் கோனுக்கும் பயப்படாமல், எந்தக் கோனையும் தொடாமல், கார் பாம்பாக நெளிந்தது. கடைசி வளைவை எடுத்தபோது இது பெரிய ஓட்டம் என்று அவர் முதுகெலும்புக்கே தெரிந்தது. எதிரே கடைசிக் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் கைகளைக் கோத்துக்கொண்டு, பெருமை பொங்க நின்ற சகலையும் தெரிந்தார், தன் வீலைப் பார்த்தபடி.

கை கொஞ்சம் ஆடியது. கையா ஆட்டியது, வயிறா ஆட்டியது என்று இன்றுவரை அவரே சொன்னதில்லை. கடைசிக் கோன் பின்கதவில் 'டப்' என்று பட்டு உருண்டது.

ஒலிபெருக்கி சொன்னது: "நாப்பத்தேழு புள்ளி ஆறு... ஒரு கோன். மொத்தம் நாப்பத்தொம்பது புள்ளி ஆறு."

மைதானம் முழுக்க ஒரே குரலில் "அய்யய்யோ!" என்றது. அதைப்போல இனிமையான சங்கீதத்தை அவர் கேட்டதே இல்லை. முன்பின் தெரியாதவரெல்லாம் வந்து தோளைத் தட்டினார்கள். "அந்தக் கோன் மட்டும் இல்லேன்னா!" என்றார்கள். "அரை வினாடில்ல கீழ!" என்றார்கள். வீல் என்கிற வார்த்தையை ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லாரும் கோனையே பேசினார்கள். ஷூ போயிற்று, வெயில் போயிற்று, வீல் போயிற்று. ஆயுசுக்கும் போதுமான ஒரு கோன் வந்து சேர்ந்துவிட்டது.

கோப்பை வழக்கம்போலச் சகலைக்குத்தான். அதை வாங்கி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, அவர் மெதுவாக இவரிடம் வந்தார். சிரிப்பு பாதி முகத்தில்தான் இருந்தது.

"அண்ணே, அந்தக் கடைசி வளைவுல பிரேக் போட்டீங்களா, போடலையா?"

"எந்த வளைவு?"

"அதான், கிடங்கு ஓரத்துல."

"ஞாபகம் இல்லப்பா. அதுபாட்டுக்குப் போச்சு."

"காத்து எதும் கூடக் குறைய வச்சீங்களா?"

"நீ வச்சதுதான்."

சகலை சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்தார். ஜுரம் பார்ப்பதுபோல டயரில் உள்ளங்கையை வைத்தார். சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். எழுந்து, சுற்றிப் போய், அடுத்த டயரிலும் கையை வைத்தார். போர்வை போர்த்தி, தினமும் துடைத்து, குழந்தையாக வளர்த்த வீல். தனக்கு ஒரு நாளும் கொடுக்காத அரை வினாடியை, ஒரே ஒரு மத்தியானம் மாட்டிய ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டதே என்கிற வேதனை அந்தக் கருகரு முடிக்குக் கீழே பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடிக்கடைக்காரர் அந்த முகத்தை, பசித்தவன் இலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது என் வீல்தானே?" என்று கேட்டார் சகலை.

"உன்னுதேதான் தம்பி" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், நட்டைக் கழற்றிக்கொண்டே. "எண்ணிப் பாத்துக்கோ. நாலும் இருக்கு."