கிடா வாடை

காலையிலிருந்தே பெரியவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பழக்கூடையைத் திறப்பாள், மூடுவாள். துடைத்த மேடையையே மறுபடி துடைப்பாள். ஓவனுக்குள் ஒன்றுமே வைக்காமல் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள். அவள் கணவன் வேனைக் கழுவியபடியே வாசலிலிருந்து, "யாரையாவது தேடுறியா?" என்று கேட்டான். "உங்க தலையை" என்றாள்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட இரண்டு ஓரகத்திகள், பெரியவளும் சின்னவளும். வீட்டின் கீழ்த்தளத்துச் சமையலறையில் இருவரும் சேர்ந்து விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். அடுப்பும் உப்புப் பார்ப்பதும் பெரியவள் பொறுப்பு. நறுக்குவது, அரைப்பது, அடுக்குவதெல்லாம் சின்னவள். இப்படித்தான் என்று உட்கார்ந்து யாரும் பேசி வைக்கவில்லை. முதல் நாளே கரண்டியைப் பெரியவள் கையில் எடுத்தாள், பிறகு கீழே வைக்கவில்லை.

அவளைப் போட்டு ஆட்டிய விஷயம் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். போன மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபியை முகத்தருகே கொண்டுபோனால் சூடுதான் தெரிந்தது. பூண்டு, நெய், சோப்பு, மழை எல்லாம் ஒன்றேதான், வெறும் காற்று. நாக்கிலும் உப்பும் இனிப்பும் அடுத்த தெருவில் ஓடும் ரேடியோ மாதிரி, ஏதோ கேட்பது போல இருக்கும், என்ன பாட்டென்று பிடிபடாது. டாக்டர், "வரும். எப்போன்னு சொல்ல முடியாது. முதல்ல வாசமெல்லாம் தப்புத்தப்பாத்தான் வரும்" என்றார். சமையல்காரிக்கு மூக்குப் போய்விட்டது என்று ஊருக்குத் தெரிந்தால் எவர் கூப்பிடுவார்? கணவனிடம்கூட வாயைத் திறக்கவில்லை. இத்தனை நாள் கையளவை நம்பி எப்படியோ தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

இன்றைக்கு அப்படித் தள்ள முடியாது. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் ஓர் அம்மா மதியம் மகளோடு ருசி பார்க்க வருகிறாள். கல்யாணப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று: புது அத்திப்பழத்தில் ஆட்டுப்பால் சீஸ் வைத்துச் சுட்டது. அது பிடித்துப்போனால் விருந்து முழுவதும் இவர்களுக்குத்தான்.

அத்திப்பழத்தைப் பற்றிக் கவலையில்லை. அதற்கு மூக்கு வேண்டாம், விரல் போதும். காம்போரம் தொய்ந்து, கன்னம் மெத்தென்று, தோலில் நூல் நூலாக வெடிப்பு விட்டு, அடிவாயில் ஒரு சொட்டுத் தேன் நின்றால் அது பழம். காயாக இருந்ததையெல்லாம் பழக்காரரிடம் காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வினை சீஸோடுதான் வந்தது. ஆட்டுக்காரர் ஈரத்துணியில் கட்டிய மூட்டையோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"முந்தாநேத்து கிடா வேலியைத் தாண்டிடுச்சும்மா. ராத்திரி பூரா பெட்டைங்க கூடவே ஒரே கும்மாளம். பிடிச்சுக் கட்டுறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிடுச்சு."

"இது எந்தப் பால்ல போட்டது?"

"அதுக்கு மறுநாள் பால்தான். அருமையா உறைஞ்சிருக்கு, பாருங்க." துணியைப் பிரித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

கிடா பக்கத்தில் நின்றால் பெட்டையின் பாலிலும் அந்த வாடை ஏறிவிடும் என்பது பெரியவளுக்குத் தெரியாததா? பழைய மூக்காக இருந்தால் அவர் தெருமுனையில் வரும்போதே திருப்பி அனுப்பியிருப்பாள். இப்போது குனிந்தாள், கண்ணை மூடினாள், நெஞ்சு நிறைய இழுத்தாள். சில்லென்ற காற்றுதான் உள்ளே போனது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவர் படியிறங்கியதும் மூட்டையையே சுற்றிச் சுற்றி வந்தாள். ஆட்டுக்காரருக்கு ஆட்டோடு ஆடாகப் பழகிய மூக்கு; அவர் சொல்லை நம்ப முடியாது. ஒரு கரண்டி சீஸை எடுத்துக்கொண்டு கணவனிடம் ஓடினாள்.

"இதைச் சாப்பிட்டுப் பாருங்க."

வாயில் போட்டான். "சூப்பர்."

"என்ன சூப்பர்? வாடை ஏதும் வருதா?"

"எல்லாமே சூப்பர்."

துணிக்குக் கஞ்சி போட வைத்திருந்த தண்ணீரை ஒருமுறை எடுத்துக் குடித்துவிட்டு, "சூப் நல்லாருக்கே" என்றவன் அவன். அவனிடம் போய்க் கேட்ட தன்னையே நொந்துகொண்டு உள்ளே வந்தாள்.

சின்னவள் அதற்குள் வந்து, பழங்களின் தலையில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிக்கொண்டிருந்தாள். கீறியதை அடியில் பிடித்து லேசாக அமுக்கினால் பழம் நான்கு இதழாக விரிந்து, உள்ளே சிவப்பு தெரியும். அடுத்தது சீஸ். மூட்டையைப் பிரித்த சின்னவளின் கை ஒரு நொடி நின்றது.

"என்ன?" என்றாள் பெரியவள்.

"ஒண்ணுமில்லக்கா."

அந்த ஒண்ணுமில்லையில் ஏதோ இருந்தது. கேட்கலாம்தான். ஆனால் 'எனக்குத் தெரியலை, நீ சொல்லு' என்று சின்னவளிடம் கேட்க நா எழவில்லை. கொஞ்ச நாள் முன்புதான் சின்னவள், "ஒருநாள் அடுப்பை நான் பார்க்கட்டுமாக்கா?" என்று கேட்டிருந்தாள். இவள் காதில் விழாதது போல் இருந்துவிட்டாள்.

முதல் தட்டைச் சோதனைக்கு ஏற்றினார்கள். பெரியவள் சீஸை உருட்டிப் பழத்துக்குள் வைத்து, மிளகைத் தூவி, தேனைக் கோடாக இழுத்து ஓவனுக்குள் தள்ளினாள். பழச்சாறு தட்டில் இறங்கிப் பொரியும் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை வைத்தே பதம் சொல்லிவிடுவாள். அந்த மட்டுக்கும் காது கைவிடவில்லை. கொஞ்சம் நிம்மதியாக மூச்சுவிட்டுத் திரும்பினால், சின்னவள் ஜன்னலை அகலத் திறந்துகொண்டிருந்தாள்.

"எதுக்கு ஜன்னலைத் திறக்குற?"

"புழுக்கமா இருக்குக்கா."

"காலையிலேர்ந்து இல்லாத புழுக்கம் இப்போ எங்கேர்ந்து வந்துச்சு? வாயைத் திறந்து சொல்லேன்!"

சின்னவள் கத்தியைக் கீழே வைத்தாள். "கிடா வாடை அடிக்குது. சூட்டுல இன்னும் தூக்கலா வருது. உங்களுக்குத் தெரியலைன்னு எனக்குத் தெரியும்."

பெரியவளுக்குக் காது அடைத்தது. "என்ன தெரியும் உனக்கு?"

"காய்ச்சல் விட்டு நீங்க வந்த அன்னிக்கே தெரியும். பால் அடிப்பிடிச்சு வீடே நாறுது, நீங்க அடுப்புப் பக்கத்துலயே நின்னு பேசிக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் உப்பு. ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். நீங்க அந்தப் பக்கம் போறப்ப நான் சரி பண்ணிடுவேன்."

"எனக்குத் தெரியாம என் பாத்திரத்துல கை வச்சியா?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

"அப்போ இத்தனை நாளா எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னது யார் சமையலை?"

"உங்க சமையல்தான். உப்பு மட்டும் என்னுது."

காப்பாற்றியவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியிருக்க வேண்டும். பெரியவளுக்குத் தோன்றியதோ ஒரு தட்டைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் என்று. அதற்கும் மேலே ஒரு சந்தேகம் தலைதூக்கியது: இவள் சொல்வது நிஜம்தானா? அடுப்பின் மேல் கண் வைத்தவள். கிடா வாடை என்று சொல்லி இன்றைய விருந்தைக் கெடுத்துவிட்டால்? நினைத்ததுமே தனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் நினைப்பு நகரவில்லை.

ஒரு கிண்ணத்தில் சீஸை அள்ளிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். நாலு கடை தள்ளித் தையற்காரர் இருந்தார். வாயில் ஊசியோடு யாரோ ஒருவரின் கால்சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தவர், அவள் படியேறும்போதே நிமிர்ந்து, ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டார்:

"என்னம்மா, ஆடு கீடு வாங்கிக் கட்டியிருக்கீங்களா?"

அதற்குமேல் எதைக் கேட்பது? "இல்லை" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினாள். கிண்ணத்தைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்தாள். ஒரு மூக்கில்லாதவளின் பெருமைக்காகக் கல்யாண வீட்டுக்குக் கிடா வாடையைத் தட்டில் வைத்துக் கொடுக்க இருந்தாளே.

உள்ளே சின்னவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். முகம் கழுவியிருந்தது தெரிந்தது.

"சீஸ் வரலைன்னு சொல்லிடலாமாக்கா?" என்றாள்.

"வேண்டாம். மேல் அலமாரியில எண்ணெய்ல ஊறுற பழைய ஆட்டுப்பால் சீஸ் ஒரு பாட்டில் இருக்கு. போன தடவை போட்டது." எக்கி எடுத்து மூடியைத் திறந்தாள். திறந்ததும் பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனாள், பாதியில் நிறுத்தினாள். பாட்டிலைச் சின்னவள் பக்கம் நீட்டினாள். "நீ பாரு. பார்த்துச் சொல்லு."

சின்னவள் விரலால் கிள்ளி வாயில் போட்டாள். அவள் மென்று விழுங்கும்வரை பெரியவள் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெடலை. நல்லாருக்கு. ஆனா உப்பு தூக்கல். மிளகைக் குறைச்சு, தேன் கூட விடணும். கொஞ்சம் தயிரைத் துணியில தண்ணி வடிச்சுட்டு அந்தக் கட்டித்தயிரோட பிசைஞ்சா உப்பு அடங்கும்."

"எவ்வளவு தயிர்?"

"பிசையுங்க, சொல்றேன்."

பெரியவள் பிசைந்தாள். "இன்னும்" என்றாள் சின்னவள். இன்னும் போட்டாள். "போதும்." அந்தப் போதும் பெரியவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எதிர்த்துப் பேசக் கையில் சரக்கில்லாததால் பேசாமல் பழத்தை நிரப்பினாள். வால்நட்டைக் கையால் நொறுக்கி மேலே போட்டாள். ஓவனில் சாறு பொரியத் தொடங்கி, பொரிவது மெல்லக் கெட்டிப்பட்ட ஓசைக்கு மாறியதும் வெளியே இழுத்தாள். "கொஞ்சம் முன்னாடியோ?" என்றாள் சின்னவள். "இல்லை. இதுல நீ பேசாதே" என்றாள் பெரியவள். சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். அந்த அம்மா பழத்தைக் கத்தியால் நறுக்கிச் சின்னச் சின்னதாகச் சாப்பிட்டாள். கல்யாணப் பெண் கையாலேயே எடுத்து ஒரே வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, விரலை நக்கி, இன்னொன்றை எடுத்தாள். பெரியவள் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"ரொம்ப நல்லாருக்கே! யாரோட கைப்பக்குவம்?" என்று அம்மா கேட்டாள்.

"அக்காதான்" என்றாள் சின்னவள் உடனே.

அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் இன்னொரு மாதம் இப்படி நெருப்பின் மேல் நிற்கப் பெரியவளால் ஆகாது.

"கை என்னுது. ருசி பார்த்தது இவ" என்றாள். "எனக்குக் காய்ச்சலுக்கு அப்புறம் வாசமும் ருசியும் தெரியறதில்லை. உங்க வீட்டு விருந்துக்கும் இவதான் பார்க்கணும்."

அம்மா கத்தியைத் தட்டில் வைத்தாள். "அப்படியா... நாங்க யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்தாள். மகள் மூன்றாவது பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனாள்.

அன்று மாலை போன் வந்தது. விருந்து அவர்களுக்குத்தான். "ருசி பார்க்கிற அந்தத் தங்கச்சி கண்டிப்பா வரணும்" என்று அம்மா அழுத்திச் சொன்னாள். போனை வைத்த பிறகு, மதியம் வாசலில் நின்று எல்லாம் கேட்டிருந்த கணவன், "உனக்கு வாசம் தெரியாதா? என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டான். "சொன்னா சூப்பர்னு சொல்லுவீங்க" என்றாள். அவன் சிரிக்கவில்லை. எழுந்துபோய் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

கல்யாண விருந்து நன்றாகவே நடந்தது. அடுப்படியில் இருவரும் ஆளுக்கொரு கரண்டியோடு நின்றார்கள். போதும், போதாது என்று முணுமுணுத்துச் சண்டையும் போட்டார்கள். பாராட்டு வந்தபோதெல்லாம் அதில் தன் பங்கு எவ்வளவு என்று பெரியவள் மனசு கணக்குப் போட்டபடியே இருந்தது. அதை நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திடுக்கென்று நிமிர்ந்தாள்.

"எதுவோ கருகுது! அடுப்பைப் பாரு!"

"அடுப்பே பத்த வைக்கலையேக்கா" என்றாள் சின்னவள். "நான் எலுமிச்சம்பழம்தான் நறுக்குறேன்."

பெரியவள் ஈரக்கையோடு வந்து அந்தப் பாதிப் பழத்தைப் பிடுங்கி முகர்ந்தாள். டயர் எரிகிற மாதிரி ஒரு நாற்றம், குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. முகத்தைச் சுளித்தாள். மறுபடி முகர்ந்தாள். மறுபடியும்.

"என்னக்கா? என்ன வாசம் வருது?"

"கண்றாவியா இருக்குடி" என்றாள் பெரியவள், கண்ணில் நீர் முட்ட. "அடுத்ததை நறுக்கு."