புள்ளிக்கோட்டில் என் வீட்டுக்காரர்

எங்கள் அலுவலகத்தில் ஜப்பானிய மொழி அடிக்கிற கணினிக்கு எதிரே யார் வந்து நின்றாலும் அவர்கள் காலடியில் ஒரு புள்ளிக்கோடு விழும். எண்டர் அடிக்கிறவரை அந்த ஆள் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். வேலைக்குச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவோம்: எதிரே ஆள் நின்றால் முதலில் எண்டர், அப்புறம் வணக்கம்.

நான் செண்பகவல்லி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒன்பது வருஷமாகத் துணி துவைக்கிற இயந்திரங்களின் கையேடுகளை ஜப்பானிய மொழியில் அடிக்கிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சொல்லின் ஒலியை ஆங்கில எழுத்தில் அடித்தால் அது ஜப்பானிய எழுத்தாக மாறி, கீழே புள்ளிக்கோட்டோடு திரையில் நிற்கும். அதே ஒலியில் பல சொற்கள் இருக்குமே, ஸ்பேஸ் தட்டத் தட்ட அவை ஒவ்வொன்றாக வரும். வேண்டியது வந்ததும் எண்டர். கை பழகிய பிறகு ஒரு வியாதியும் கூடவே வந்துவிடும். வேண்டிய சொல் வந்து நிற்கும்போதே கை இன்னொரு ஸ்பேஸைத் தட்டித் தொலைக்கும். அப்புறம் முழு வரிசையையும் சுற்றி வர வேண்டியதுதான். இந்த வியாதி இல்லாத ஆளை நான் இந்தத் தொழிலில் பார்த்ததே இல்லை.

ஆட்கள் விஷயத்திலும் இதே முறைதான். எழுத்தைப் பாதி அகலமாக்குகிற எஃப் எட்டு விசையை அடித்தால் ஆளும் அகலத்தில் பாதியாகிவிடுவார். பக்கத்து மேஜை ரெஜினா தினமும் சாயங்காலம் என் எதிரே வந்து நின்று, "அக்கா, ஒரு எஃப் எட்டு போட்டு விடுங்க" என்பாள். ஆவடி பஸ்ஸில் அப்போதுதான் நிற்க இடம் கிடைக்கிறதாம். காலையில் வந்ததும் எஃப் ஒன்பது போட்டு மறுபடி அகலமாகிக்கொள்வாள். எஸ்கேப்பை மட்டும் தொடக் கூடாது. போன மாசம் தண்ணீர் கேன் கொண்டுவந்தவர் மேல் யாரோ எஸ்கேப் தட்டிவிட்டார்கள். கேன் மட்டும் தரையில் நின்றது. உடனே கண்ட்ரோல் இசட் போட்டு அவரை வரவழைத்தோம். அவரும் கேனை மாட்டிவிட்டுப் போய்விட்டார். கணினி ஓடிக்கொண்டிருக்கிறவரை எதையும் சரிசெய்யலாம். சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லாக் கணினிகளும் தாமாகவே அணைந்துவிடும். அந்த நேரத்தில் கோட்டின் மேல் யார் நிற்கிறாரோ அவர்தான் அப்புறம் நிரந்தரம்.

அன்றைக்கு வியாழக்கிழமை. ஐந்து இருபதுக்கு என் வீட்டுக்காரர் அறிவழகன் என்னைக் கூட்டிப்போக வந்தார். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர், வாழ்க்கையில் எங்கேயும் காத்திருந்து பழக்கமில்லாதவர். நேரே மேலே ஏறி வந்து என் மேஜைக்கு எதிரே நின்றுவிட்டார். நான் 'வடிகால் குழாய்' என்ற சொல்லில் மூழ்கிக் கிடந்தேன். தலையை நிமிர்த்தாமலே ஸ்பேஸைத் தட்டினேன்.

நிமிர்ந்தபோது இரண்டாமவர் நின்றுகொண்டிருந்தார். அதே பெயர், அதே வீட்டு விலாசம், எங்கள் கல்யாணத்தில் பந்தியில் ரசம் தீர்ந்துபோனது வரைக்கும் அதே ஞாபகம். ஆள்தான் வேறு. சட்டைக் கைகளை அழகாக மடித்துவிட்டிருந்தார். "அவசரமே இல்ல, நீ முடிச்சிட்டு வா" என்றார்.

திரும்பிப் போகலாம் என்று ஸ்பேஸைத் தட்டினேன். முன்னால் போனது. மூன்றாமவருக்கு மீசை கிடையாது. நான்காமவர் கையில் முருங்கைக்கீரைக் கட்டோடு வந்தார், வழியிலேயே ஆய்ந்துகொண்டு வந்திருந்தார். ஐந்தாமவர் என் மேலாளரைப் பார்த்துக் கும்பிட்டார். ஆறாமவர் எதற்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழாமவர் நின்றபடியே தூங்கினார். அதற்கடுத்து என் ஆள் வந்தார், வாயைத் திறந்தார், என் கை தட்டிவிட்டது. மறுபடி இரண்டாமவர்.

"இந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன!" என்றேன்.

இன்னொரு முறை முழுக்கச் சுற்றினேன். இம்முறை ஆட்களை எண்ணிக்கொண்டே தட்டினேன். ஏழு வரைக்கும் ஒழுங்காக எண்ணினேன். என் ஆள் முகம் தெரிந்த சந்தோஷத்தில் கை மறுபடி தட்டிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மணி ஐந்து இருபத்தெட்டு.

பாதி அகலத்தில் என் தோளோடு ஒட்டி நின்ற ரெஜினா சொன்னாள்: "அக்கா, கையை எடுங்க. மேல் அம்பு இருக்குல்ல? ஒண்ணே ஒண்ணு. பின்னால போயிடும்."

ஒன்பது வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற குறுக்குவழி. பதற்றத்தில் எனக்கே மறந்துவிட்டது. மேல் அம்பின் மேல் விரலை வைத்தேன். வைத்தவள் அழுத்தவில்லை.

பொய் சொல்வானேன். இரண்டாமவர் பார்க்க நன்றாகத்தான் இருந்தார். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிற முகமாகத் தெரியவில்லை. நான் பேசினால் கடைசிவரை கேட்பார் போலிருந்தது. "உங்களுக்கு என்ன தோணுது?" என்று அவரிடமே கேட்டேன்.

"உனக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்ம்மா. எனக்கு எதுன்னாலும் சம்மதம்தான்" என்றார்.

எதுவானாலும் சம்மதம் என்கிற மனிதரோடு நான் எதைப் பற்றிச் சண்டை போடுவது? ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடு எவ்வளவு நீளமாக இருக்கும்! எனக்கு என் ஆள்தான் வேண்டும் என்று நெஞ்சே அடித்துக்கொண்டது. அம்பை அழுத்தினேன்.

"இன்னும் என்ன பண்ற? வண்டிய வாசல்ல குறுக்கால நிறுத்திட்டு வந்திருக்கேன், வாட்ச்மேன் கத்துறான்" என்றார் முதலாமவர். எண்டர் அடித்தேன். புள்ளிக்கோடு மறைந்தது. கணினிகளும் அணைந்தன. ரெஜினா கதவைத் திறக்காமலே அதன் இடுக்கு வழியாகப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

வண்டியில் போகும்போது, "மொத்தம் எத்தனை பேர் இருந்தோம்?" என்று கேட்டார்.

"ஏழு பேர்."

"அதுல நான்?"

"நீங்கதான் முதல் ஆள். இன்னும் நல்ல ஆளெல்லாம் இருந்தாங்க. நான்தான் உங்களை எடுத்தேன், ஞாபகம் வெச்சுக்குங்க."

கள்ளிக்குப்பம் திருப்பத்தில் அவர் வண்டியை மெதுவாக்கினார். அவர் முதுகைப் பார்த்தாலே சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"உனக்குப் பதினோரு பேர் இருந்தாங்க" என்றார். "போன ஆடியில ஒரு நாள் உன் சீட்டுல உட்கார்ந்திருந்தேனே. நீ கை கழுவிட்டு வந்து எதிர்ல நின்ன. சும்மா தட்டிப் பார்த்தேன்."

"பதினொண்ணுல நான் எத்தனாவது?"

"மூணாவது. அம்பு கிம்பு எல்லாம் எனக்குத் தெரியாது. பதினோரு பேரையும் பார்த்துட்டு, மறுபடி சுத்தி வந்து உங்கிட்ட நின்னேன்."

"அப்போ நீங்க தாலி கட்டினது?"

"முதல் ஆளுக்கு. நல்லவங்கதான். எப்ப வந்தாலும் சிரிச்சுக்கிட்டே நிப்பாங்க."

"அப்புறம் ஏங்க என்னை?"

"நீ வந்த உடனே, 'என் சீட்டை விட்டு எந்திரிங்க, யாரைக் கேட்டு உட்கார்ந்தீங்க'ன்னு ஒரு சத்தம் போட்ட. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சுத்தி வந்ததும் எண்டர் அடிச்சுட்டேன்."

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருஷமாக என் ரவிக்கைகள் எல்லாம் தோளில் பிடிக்கின்றன என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவை அவர் தாலி கட்டிய அந்த முதல் அம்மாவின் அளவு. வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, தையல்கடை மூடுவதற்குள் இரண்டு பேருமாகப் போய், எனக்குப் புதிதாக அளவு கொடுத்துவிட்டு வந்தோம்.