சாம்பல் மேகத்து மின்னல்

அகானேசி ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்காகச் சேப்பங்கிழங்கு இலையில் இறைச்சியை வைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றி மடித்துக்கொண்டிருந்தபோது, கடலுக்கடியில் இருந்த எரிமலை வெடித்தது. சாம்பல் மேகம் எங்கள் டோங்கா தீவுகளின் மேல் கவிந்து சாயங்காலமே இருட்டிவிட்டது. மேகத்துக்குள் மின்னல் ஓயாமல் வெட்டியது.

ஒரு வெட்டில், வாசலில் தம்பி பவுலியாசி நிற்பது தெரிந்தது. கையை வீசி மேட்டைக் காட்டினான். அடுத்த வெட்டிலும் அங்கேயே நின்றான்.

எங்கள் வழக்கப்படி, வளர்ந்த அக்காவும் தம்பியும் ஒரு கூரைக்கடியில் இருக்கக் கூடாது. அக்காவுக்குத் தம்பி செலுத்தும் மரியாதை அது. இருவருக்கும் ஐம்பது தாண்டியும் பேச்செல்லாம் அவன் மனைவி லெசியெலி வழியாகத்தான்.

"லெசியெலி, மீன் எங்கடி? எல்லாத்தையும் உன் புருஷனே முழுங்கிட்டானா?"

அகானேசி இப்படிக் கேட்டால், வேலிக்கு அந்தப் பக்கம் அவன் சிரிப்பான்.

இப்போது லெசியெலி பிள்ளைகளோடு மேட்டுக்கு ஓடியிருந்தாள். இடுப்பெலும்பு தேய்ந்த அகானேசி ஊன்றுகோலைத் தரையில் தடவித் தேடினாள். அகப்படவில்லை. கடல் ஏறி அவன் முழங்காலைத் தொட்டது. அப்போதும் அவன் படி தாண்டவில்லை. அலை அடித்துக்கொண்டு போகும்வரை இவன் இப்படியே நிற்பான் என்று அவளுக்கு உறைத்தது. புருஷனை ஏற்கெனவே கடலுக்குக் கொடுத்தவள் அவள்.

"உள்ள வாடா, மடையா!"

"நீ வெளிய வாக்கா..."

"நடக்க முடியலடா. அக்கா சொல்றேன், வந்து தூக்கு!"

தலையைக் குனிந்துகொண்டே வந்தான். முதுகில் ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தான். மின்னல் வெட்டும்போதெல்லாம் பாதை தெரிந்தது.

"என்னக்கா, இந்தக் கனம் கனக்கறே!"

"எல்லாம் நீ குடுத்தனுப்பின மீனுதான். வாயை மூடிட்டு நட."

மேட்டில் அவளை இறக்கிவிட்டு, வழக்கம்போல் தள்ளிப்போய் உட்காரக் கிளம்பினான்.

"எங்க போறே? இங்க உக்காரு."

"எல்லாரும் பாக்கறாங்கக்கா."

"பாக்கட்டும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் சிறுவனாக இருந்த காலத்துக்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் அவனை அவள் பார்த்ததே இல்லை. மின்னலில் மேகம் வெள்ளையாக எரிந்தது.

"இவ்வளவு நரைச்சிடுச்சா உனக்கு?"

"சாம்பல்க்கா."

ஈரத் துணியால் அவன் காதோரம் துடைத்துவிட்டாள். சாம்பல் போயிற்றா, நரைதானா என்று பார்ப்பதற்குள் இருட்டிவிட்டது. கையை எடுக்காமல், அடுத்த மின்னலுக்காகக் காத்திருந்தாள்.