இறக்கி வைத்த இடம்

மலையடியில் தேசியப் பூங்கா வாசலில் சீட்டுக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த பெண் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். “வந்த நோக்கம் என்னங்க? மலையேற்றம், பறவை, குகை, பண்பாடு. நாலுல ஒண்ணு சொல்லணும்.”

“என் மகளப் பாக்க வந்தேன்,” என்றாள் யேக்கா.

“உள்ள வேலை பாக்கறாங்களா?”

“இல்ல. செத்து அம்பத்தஞ்சு வருஷமாச்சு.”

அந்தப் பெண் கொஞ்ச நேரம் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். அப்படி ஒரு நோக்கம் அதில் இல்லை. கடைசியில் பண்பாடு என்பதில் குறி போட்டு, முதியோர் சீட்டைக் கிழித்துத் தந்தாள். கல்லைத் தொடாதீர், பூவைப் பறிக்காதீர், வழியை விட்டு விலகாதீர் என்று அதன் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தது. யேக்காவின் அண்ணன் மகன் கிர்ஸ்தே அதை உரக்கப் படித்தான். “மூச்சு விடறதப் பத்தி ஒண்ணும் போடல அத்தை. தைரியமா விட்டுக்கலாம்.”

யேக்கா சிரிக்கவில்லை. சண்டைக்காலத்துக் கண்ணிவெடிகளால் சில வருடங்கள், அப்புறம் முழங்காலால் சில வருடங்கள் என்று இருபது வருடமாக அவள் மேலே வந்ததில்லை. இன்றைக்குத் திறப்பு விழா என்பதால் வண்டியை மேலே விடுகிறார்கள் என்று பேப்பரில் பார்த்து, கிர்ஸ்தேயைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள்.

மேலே இருந்த ஊர்களுக்கு மாதா கோயிலும் கல்லறையும் கீழே, கடலோரத்தில். பிணத்தைச் சுமந்துகொண்டு ஆறு மணி நேரம் நடக்க வேண்டும். வழியில் ஒரே ஒரு தடவை, வெயில் முதலில் விழும் கணவாய்ப் புல்வெளியில்தான் இறக்கி வைக்கலாம். வைத்த இடத்தில் தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். உடம்பு கீழே போய்விடும், உயிர் அந்த இரண்டு கல்லுக்கும் நடுவில் தங்கிவிடும் என்பது கணக்கு. அதனால் யாரும் கல்லறைக்குப் போய் அழுததில்லை, இங்கேதான் வருவார்கள். கல்லில் பெயர் கிடையாது. செத்தவரின் நீளம்தான் அடையாளம். ஐந்து வயது மகள் போயாவுக்கு யேக்காவின் கையால் ஐந்து சாண், நான்கு விரல்.

அந்தக் கற்களைக் காட்சிக்குத் திறந்து வைக்கக் கணவாயில் கூடாரம் போட்டிருந்தார்கள். உலர்த்திய பன்றித்தொடையை ஒருவன் தாள் மாதிரி சீவிக்கொண்டிருந்தான். அமைச்சர் வரவில்லை, அவருடைய கடிதம் வந்திருந்தது. பூங்கா இயக்குநர் முனைவர் வினாலிச் அதை நின்றபடி வாசித்தார். அமைச்சரே வந்திருந்தால்கூட அவ்வளவு விறைப்பாக நின்றிருப்பாரா தெரியாது. “இந்தக் கற்கள் நம்மோடு பேசுகின்றன” என்ற இடத்தில் நிறுத்தி, கற்களுக்கு ஒரு நிமிடம் இடம் கொடுத்தார். அவை அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

யேக்கா கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். பதினேழு ஜோடிக் கற்கள் ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில், துணி தேய்க்கும் மேசைகளை அடுக்கியது போல இருந்தன. எல்லாம் ஒரே நீளம். அவள் ஒரு முறை எண்ணினாள், திரும்பி வந்து இன்னொரு முறை எண்ணினாள். குட்டையாக ஒன்றுகூட இல்லை.

“அத்தை, விளக்கப் பலகையில உங்க பேரு இருக்கு,” என்று கிர்ஸ்தே கூப்பிட்டான். விரல் வைத்துப் படித்தான். “‘குழந்தைகளுக்குக் கற்கள் வைக்கும் வழக்கம் இல்லை. தாய் அவர்களைக் கீழே வைக்காமல் கையிலேயே ஏந்திச் சென்றாள். தகவல்: யேக்கா மாருனிச்.’ எப்ப சொன்னீங்க இத?”

இரண்டு வருடம் முன்பு ஒரு ஆராய்ச்சிக்காரன் அவள் அடுப்படிக்கு வந்து, பீன்ஸ் சட்டிக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தான். அப்பாவைப் பற்றி, மாமனாரைப் பற்றி எல்லாம் சொன்னாள். குழந்தைகளுக்கும் உண்டா என்று கேட்டான். உண்டு என்றால் யாருக்கு என்பான், எத்தனை சாண் என்பான், வா காட்டு என்பான். இல்லை என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு விட்டிருக்கலாம். கையிலேயே ஏந்திக்கொண்டு போவாள் என்று வேறு சேர்த்தாள். அன்றைக்குப் பனியில் கை மரத்துப்போய்ப் பிள்ளையை இறக்கி வைத்தவள், அப்படிப் போயிருக்கக் கூடாதா என்று அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தவள், ஒருவனிடமாவது அப்படிப் போனதாகச் சொல்லிப் பார்த்தாள்.

வினாலிச் கையை நீட்டிக்கொண்டு வந்தார். “உங்க வார்த்தைதாம்மா எங்களுக்கு ஆதாரம். அதுக்கு முன்னாடி எங்களுக்கே குழப்பம். ஒண்ணு ரெண்டு குட்டையாக் கிடந்துச்சு. ஆடு மேஞ்சு தள்ளிட்டுப் போயிருக்கு. எல்லாத்தையும் சரியான அளவுக்கு நகத்திட்டோம்.”

“குட்டையா இருந்தது எந்த இடம்?”

“அதான் நகத்தியாச்சே. இப்ப உள்ள வரைபடம்தான் இருக்கு.”

“நான் பொய் சொன்னேன்.”

வினாலிச் அவள் தோளைத் தட்டினார். வயதானவர்களிடம் அவருக்கு எப்போதும் பொறுமை உண்டு. “அஞ்சு மொழியில அச்சாயிடுச்சேம்மா,” என்றார். யாரோ படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

“எதப் பத்திப் பொய் சொன்னீங்க அத்தை?” என்றான் கிர்ஸ்தே. அவன் பிறப்பதற்கு முன் நடந்தது. அவள் வரிசையின் ஓரமாகவே நடந்தாள்.

வரிசையின் முனையில் ஒரு வெளிநாட்டுக்காரி தன் மகளைக் கற்களுக்கு நடுவே படுக்கச் சொல்லி, படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கினாள். மஞ்சள் சட்டை, ஐந்து வயது இருக்கும். தலை தலைமாட்டுக் கல்லில் முட்டியிருந்தது. குதிகாலுக்கு அப்பால் வெறும் சல்லி, அதற்கும் அப்பால் கால்மாட்டுக் கல்.

யேக்கா மண்டியிட்டாள். முழங்கால் எரிந்தது. கால்மாட்டுக் கல்லை இரண்டு கையாலும் பிடித்து அந்தக் குதிகால் பக்கம் இழுத்தாள். அசையவில்லை. அடியில் புதுச் சிமெண்ட் விரலில் பட்டது. “அத்தை, விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க,” என்றான் கிர்ஸ்தே.

குழந்தை தலையைத் தூக்கிப் பார்த்தது. ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, கிழவிக்கு உதவுவது போல முதுகாலேயே தேய்த்துத் தேய்த்துக் கீழே நகர்ந்து வந்தது. செருப்பின் அடி யேக்காவின் விரல்களைத் தொட்டதும் நின்று சிரித்தது. இப்போது அதன் தலைக்குப் பின்னால் வெறும் சல்லி நீளமாகக் கிடந்தது.