ஆழம் தெரிந்தவர்

படுத்துக்கொள், முதலில் படுத்துக்கொள், நின்றால் நீயும் உள்ளே போய்விடுவாய்... தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் கோரைகளை மடக்கி, அவற்றின் மேல் வயிறு படியப் படுத்தாள். முகத்துக்கு நேரே சேறு, அழுகிய முட்டை வாடை, கழி எட்டும் தூரத்தில் அவள் கணவர். இடுப்புவரை கருஞ்சேற்றில் புதைந்து, கூப்பிடாமல், கையை ஆட்டாமல், பேருந்துக்குக் காத்திருப்பவரைப் போல எங்கோ பார்த்தபடி நின்றிருந்தார். ஏன் கத்தவில்லை? பயத்தில் வாயடைத்துவிட்டதா? கழியை நீட்டினாள், நுனி அவர் மார்பில் இடித்தது, அவர் அதைக் குனிந்து பார்த்தார், பிடிக்கவில்லை. கழியப் புடிங்க, என்றாள். இன்னொரு முறை சொன்னபோது அவள் குரல் யாரோ ஒருத்தியின் குரல் போல அவளுக்கே கேட்டது.

வாத்து சுடத்தானே வந்தார்கள், அவ்வளவுதானே... வழக்கமாக அவரோடு வேட்டைக்கு வருகிறவன் அவளுடைய தம்பி, இந்த முறை வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டான், மச்சான்கிட்ட என்ன பேசுறதுன்னே தெரியலக்கா என்று போனில் முனகினான். யாருக்குத்தான் தெரிந்தது? துறைமுகத்தில் அவர் ஓட்டிய கிரேனிலிருந்து இரும்புக் குழாய்க் கட்டு நழுவி விழுந்ததில் கீழே நின்ற தொழிலாளி நசுங்கிப்போனான், விசாரித்தார்கள், கம்பிக் கயிறு இற்றுப்போயிருந்தது, ஓட்டியவர் மேல் குற்றமில்லை என்றார்கள். அதோடு முடிந்திருக்கலாம். செத்தவனின் அம்மா வீடு தேடி வந்தாள், வந்தவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை, வாய்விட்டுச் சபித்திருந்தால்கூட இவர் எழுந்து நின்றிருப்பார்... அவள் இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நீ மனசுல வச்சுக்காதப்பா, உன் மேல தப்பில்ல, வேளாவேளைக்குச் சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு விழுந்தவர்தான். பேச்சு நின்றது, தூக்கம் போனது, தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. அப்படிப்பட்டவர் நேற்று அலமாரியிலிருந்து துப்பாக்கியை இறக்கி எண்ணெய் போட்டுத் துடைத்ததைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது, வெளிக்காற்று பட்டால் மனுஷன் தேறிவிடுவார் என்று நினைத்தாள், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு நானும் வர்றேன் என்று கிளம்பினாள். வேண்டாம் என்றார். ஒருமுறைதான் சொன்னார். அந்த வேண்டாமை அவள் அக்கறை என்றல்லவா எடுத்துக்கொண்டாள்...

மெல்ல, அவசரப்படாதே, காலை மேலே இழுக்கச் சொல்லாதே, ஆட்டச் சொல், சேற்றுக்குள் தண்ணீர் இறங்கினால்தான் பிடி தளரும், இதெல்லாம் யார் சொன்னது, அவரேதான், கல்யாணமான புதிதில் சோறு பிசைந்தபடியே சொன்னது. கால மெதுவா ஆட்டுங்க, முன்னாடி சாயுங்க, சாயுங்கன்னு சொல்றேன்ல. அவர் பார்த்தார். அவள் சொன்னாள், நீங்க புடிக்கலைன்னா நான் அங்க வருவேன். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. முழங்கையை ஊன்றி ஒரு சாண் முன்னால் நகர்ந்தாள், கோரை நழுவியது, தாடைவரை சேறு ஏறியது. அப்போதுதான் அவர் கழியைப் பிடித்தார். நனைந்த கம்பளிகளை நாள் முழுக்கத் தொட்டியிலிருந்து தூக்கும் கைகள் அவளுடையவை, ஈரத்தின் பாரம் என்னவென்று அவற்றுக்குத் தெரியும், ஆனால் இது வேறு, இந்தப் பாரம் வர மறுத்தது, இழுக்க இழுக்கப் பின்வாங்கியது, இடையில் ஒரு கணம்... ஒரு கணம்தான்... அவள் விரல்கள் தாமாகத் தளர்ந்தன, விட்டுவிடேன் என்று உள்ளே ஏதோ ஒன்று, களைத்துப்போன ஒன்று, சொன்னது. யார் சொன்னது? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். தொடை தெரிந்தது, முழங்கால் தெரிந்தது, ஒரு பூட்ஸைச் சேறு வைத்துக்கொண்டது. அவர் கோரையின் மேல் குப்புற வந்து விழுந்தார். இருவரும் அப்படியே கிடந்தார்கள்.

கால் வழுக்கிடுச்சு, என்றார் அவர். யானைக்கும் அடி சறுக்கும்ல.

பல நாளைக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு, அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வழுக்கியதா? அவர் சுட்ட வாத்து இறக்கையில் அடிபட்டுக் கருஞ்சேற்றுக்கு அப்பால் விழுந்தது, அவர் காலிக் குழலில் புதுத் தோட்டா போட்டுவிட்டுத் துப்பாக்கியை அவளிடம் கொடுத்தார், நனைஞ்சிடும் புடி என்றார், சரி, பிறகு கழியையும் கொடுத்தாரே, இதையும் வச்சுக்க என்றாரே, சதுப்பில் இறங்குகிறவன் கழியைக் கொடுத்துவிட்டு இறங்குவானா? புல் முளைக்காத இடத்தில் கால் வைக்காதே, வாத்து போனால் போகிறது என்று தம்பியை எத்தனை முறை அதட்டியிருக்கிறார், இந்தச் சதுப்பு அவருக்குச் சொந்த வீட்டுக் கூடம் மாதிரி, புல் முளைக்காத ஒரே இடத்தைப் பார்த்து நேராக நடந்தார், வேகமாகக்கூட இல்லை, கடைக்குப் போகிறவர் மாதிரி. ஆழம் தெரியாமல் காலை விட்டான் என்பார்கள். ஆழம் தெரிந்தே காலை விட்டவனை என்னவென்று சொல்வது? அதுவும் பெண்டாட்டியைக் கோரை ஓரத்தில் நிற்கவைத்துவிட்டு... தனியாக வந்திருக்கலாமே, வேண்டாம் என்றாரே, ஐயோ, அதனால்தான் வேண்டாம் என்றாரா.

அப்பால் வாத்து இறக்கையைச் சேற்றில் அடித்துக்கொண்டிருந்தது, அடிக்கும், நிற்கும், மறுபடி அடிக்கும். அது இன்னும் துடிக்குது, என்றார் அவர், அதன் பக்கம் திரும்பாமல். சுட்ட உயிரை அரைகுறையாக விட்டுப்போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினார், துப்பாக்கிக்காக. அது அவள் முதுகில் தொங்கியது. சாதாரணமாக நீட்டிய கை, காபி வாங்க நீட்டுவது போல, கொடுத்தால் ஒரு நொடி வேலை, வாத்தின் துடிப்பு அடங்கும், பிறகு இன்னொரு குழலில் இன்னொரு தோட்டா இருக்கும்... அவள் வாரை இறுகப் பிடித்தாள். கொடுக்காவிட்டால்? இன்று இது, நாளைக்கு வீட்டில் எதையெல்லாம் கொடுக்காமல் இருப்பது, சவரக் கத்தியையா, மாடிச் சாவியையா, எத்தனை இரவு ஒரு கண்ணை மூடித் தூங்குவது? அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் வாரைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தார். நீட்டிய கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

"நீயே சுடு," என்றார்.

வழுக்கிய கதை அந்த இரண்டு சொல்லோடு முடிந்தது. அவள் ஆயுளில் ஓர் உயிரைச் சுட்டதில்லை. துப்பாக்கியின் கட்டையைத் தோளில் அழுத்தினாள், குழல் ஆடியது, கண்ணில் சேற்று நீர், இறக்கை எழும்பியபோது விசையை இழுத்தாள். தோள் கழன்றுவிட்டது போல வலித்தது. சேறு தெறித்தது, இறக்கை பாதியில் நின்று மெல்லச் சாய்ந்தது. மிச்சத் தோட்டாவை உருவிக் கருஞ்சேற்றில் எறிந்தாள், அவர் தடுக்கவில்லை. கழியை எடுத்து அவரிடம் கொடுத்தபோது அவர் அவள் தாடைச் சேற்றைப் புறங்கையால் துடைக்கப் பார்த்தார், அந்தக் கையிலும் சேறுதான், இன்னும் அதிகமாக அப்பியது.

வெளிச்சம் சரிவதற்குள் கரைக்குப் போக வேண்டும். அவர் பின்னால் வந்தால் அவளுக்கு அவர் தெரியமாட்டார், முன்னால் போகச் சொன்னாள், சொன்ன பிறகுதான் உறைத்தது, இந்தச் சதுப்பில் வெளியே போகும் வழி அவளுக்குத் தெரியாது, வரும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள், வழியை எங்கே பார்த்தாள்? தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சாக நினைத்த மனுஷன் வைக்கிற அடியில்தான் அவளும் அடி வைக்க வேண்டும். அவர் ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் சேறுமாக நடந்தார், ஒவ்வோர் அடிக்கும் முன்னால் கழியால் குத்திப் பார்த்தார், திருப்தி இல்லாவிட்டால் பக்கத்தில் குத்தினார், நிதானமாக, கவனமாக... யாருக்காக இந்தக் கவனம், பின்னால் வருகிற அவளுக்காகவா, தனக்காகவும் கொஞ்சமா? கேட்க வாயெடுத்தாள். அவர் அடுத்த அடி வைத்துவிட்டார். அந்தத் தடத்தில் தண்ணீர் ஊறி மறைவதற்குள் அவள் தன் காலை அதில் வைத்தாள்.