புறங்கை

போன் வெளிச்சம் காரின் பானெட்டின் மேல் விழுந்ததும் கறுப்பு காணாமல் போயிற்று. அந்த இடத்தில் ஒரு சிலந்தி வலை இருந்தது. முடியை விட மெல்லிய கீறல்கள், வட்டம் வட்டமாக. வெளிச்சத்தை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்ந்தது.

ஹோட்டலுக்கு வரும் வாடகைக் கார்களைப் பார்த்துச் சேர்த்துக்கொள்வது போனைப் பிடித்திருந்த அம்மாளின் வேலை. டிரைவர்கள் அவருக்கு டார்ச் என்று பெயர் வைத்திருந்தார்கள். குரலை உயர்த்தாதவர். வெளிச்சத்தைக் கதவுக்குக் கொண்டுபோனார். பிறகு டிக்கிக்கு. எல்லா இடத்திலும் வலை.

"புது வண்டின்னு சொன்னீங்க."

"ஒரு வருஷம் கூட ஆகல மேடம்."

"யாரு தொடைக்கறது?"

வண்டியை ஓட்டிவந்தவள் சாவியைப் பையில் போட்டாள். டார்ச் தன் போன் வெளிச்சத்தை அணைத்தார். கறுப்பு திரும்பி வந்தது.

"நிழல்ல நல்லாதான் இருக்கு. வெயில்ல நின்னா பூனை பிறாண்டின மாதிரி இருக்கும். அடுத்த திங்கக்கிழமை கொண்டு வாங்க. ஒரு இடம்தான் பாக்கி. அதுக்கு மேல நான் வச்சிருக்க முடியாது."

ஹோட்டல் போர்ட்டிகோவில் கறுப்பு வண்டிகள் மட்டும்தான் நிற்கலாம். அதற்காகத்தான் அவள் கறுப்பு வாங்கினாள். போர்ட்டிகோவில் நிற்பவர்களுக்கு உள்ளே ஓர் அறை உண்டு. நாற்காலி, மின்விசிறி, பக்கத்திலேயே கழிப்பறை. மற்ற டிரைவர்கள் நாற்காலியைப் பற்றிப் பேசினார்கள். அவள் கழிப்பறையை நினைத்தாள். சாலையோர மரத்தடியில் நின்று சவாரிக்குக் காத்திருக்கும் ஆண்களுக்கு நகரம் முழுக்கச் சுவர் இருந்தது. அவள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. டாக்டர் திட்டினார். குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வாசலில் பவுடர் என்கிற டிரைவர் நின்றிருந்தான். போர்ட்டிகோவில் முதல் வண்டி அவனுடையது. முகத்துக்கு மட்டுமல்ல, ஸ்டியரிங்குக்கும் பவுடர் போடுகிறவன் என்று பேச்சு.

"தங்கச்சி, கறுப்பு வண்டி மாப்பிள்ளை மாதிரி. தூரத்துல இருந்து பாக்கறப்ப நல்லா இருக்கும்."

"உங்க வீட்டம்மாவும் இதையேதான் சொன்னாங்க அண்ணே," என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். வண்டியைச் சாலைக்குத் திருப்பினாள்.

யார் துடைப்பது என்று அவளுக்குத் தெரியும்.

மாமனார் முப்பது வருடம் சலூன் வைத்திருந்தவர். முழங்கால் வலி என்று கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். அவள் கார் ஓட்டப்போகிறேன் என்றபோது அவர் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மகன் பாலம் கட்டும் கம்பெனியில் ஊர் ஊராகப் போகிறவன். போனில் இரண்டு பேருக்கும் நல்லவனாக இருந்தான். வண்டி வந்த மறுநாள் காலை அவள் எழுந்து வெளியே வந்தபோது அது துடைத்துக் கிடந்தது. அன்று மாமனார் அவளிடம் இன்னொரு தோசை கேட்டார். அன்றிலிருந்து தினமும் வண்டி துடைத்துக் கிடந்தது.

கடையில் சவரம் முடிந்ததும் வாடிக்கையாளரின் கழுத்தில் ஒரு துண்டைத் தட்டி, பிறகு வட்டமாகத் துடைத்து அனுப்புவார். உலர்ந்த துண்டு. அதே துண்டுகளால், அதே வட்டத்தில், தண்ணீர் படாத தூசியோடு அவர் பானெட்டைத் துடைத்தார். மிருதுவான துண்டுகள். ஆனால் தூசி மிருது இல்லை.

அவளுக்கு இது முன்பே தெரியும். ஒரு நாள் சிக்னலில் வெயில் பட்டபோது பார்த்தாள். சொல்ல வாய் எடுத்தாள். அந்தத் துண்டு அவளுக்கு அவர் சொல்லாத ஒரு வார்த்தை. அதைப் போய் எப்படி வேண்டாம் என்பது. இன்று வேண்டாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். வலை வளர்ந்தது.

மறுநாள் காலை வெயில் ஏறும் வரை காத்திருந்து அவரை வெளியே கூப்பிட்டாள்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தொடைக்கறதாலதான் வண்டி கெட்டுப்போச்சு. பானெட்டப் பாருங்க, எல்லாம் கீறல். ஹோட்டல்ல வேணாம்னுட்டாங்க."

அவர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுமில்லையே. பளிச்சுன்னுதானே இருக்கு."

அவளுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதை இல்லை என்கிறாரே. விரலை நீட்டி, இதோ என்று காட்ட வந்தாள். அப்போதுதான் கவனித்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது வண்டியின் முகப்பு விளக்கை. பானெட் ஒரு முழம் தள்ளி இருந்தது.

அவள் விரலை மடக்கிக்கொண்டாள்.

"எப்ப இருந்து மாமா?"

அவர் நிமிர்ந்து துண்டைத் தோளில் போட்டார்.

"கடைய மூடினது முழங்காலால இல்ல," என்றார்.

உள்ளே போய்விட்டார். மத்தியானம் சாப்பிடும்போது அவர் குழம்புக் கிண்ணத்தைத் தேடாமல் எடுப்பதையும், தம்ளருக்குத் தடவுவதையும் அவள் பார்த்தாள். கிண்ணத்தை அவள் எப்போதும் ஒரே இடத்தில் வைப்பாள். தம்ளரை அப்படி வைப்பதில்லை. இத்தனை நாள் ஒரே மேசையில் சாப்பிட்டும் பார்க்கவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். காதில் விழாத மாதிரி சாப்பிட்டார். மகனிடம் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஒர்க்‌ஷாப்பில் பெயின்டர் வண்டியைச் சுற்றி வந்தார். வேலை செய்து செய்து அவர் கைரேகை கூடக் கறுப்பாக இருந்தது. கீறல் ஆழமில்லை, பாலிஷ் மெஷின் போட்டால் போய்விடும் என்றார். ஆனால் மேல் கோட்டிங் மெல்லியது. ஒரே தடவைதான் போடலாம், இரண்டாவது தடவை போட்டால் அடியில் இருக்கும் பெயின்ட் வெளியே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, மெஷினை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருவதாகச் சொன்னார். அதற்குள் வண்டியைக் கழுவி, அதில் ஒட்டிக்கிடக்கும் பொடியை எல்லாம் எடுத்து வைக்க வேண்டும். தார்ப்புள்ளி, இரும்புப் பொடி, மரத்துப் பிசின். கண்ணுக்குத் தெரியாது. ஒன்று மாட்டினாலும் மெஷின் அதை இழுத்துக்கொண்டு போய்க் கோடு போட்டுவிடும், அந்தக் கோடு போகவே போகாது. களிமண் போன்ற ஓர் உருண்டையை அவள் கையில் கொடுத்தார். சோப்புத் தண்ணீர் தெளித்து இதால் தேய்த்தால் பொடி இதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

"எல்லாம் போயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"தடவிப் பாக்கணும்," என்றார் பெயின்டர். "எனக்கு இப்ப தெரியறதில்ல. கை மரத்துப்போச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் இரண்டு வாளி வைத்தாள். ஒன்றில் சோப்பு, ஒன்றில் நல்ல தண்ணீர். கூரையிலிருந்து கீழே வந்தாள். நேர்க்கோட்டில், வட்டம் போடாமல். ஒவ்வொரு முறையும் துணியை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் சோப்பில் முக்கினாள். பிறகு உருண்டையைத் தட்டையாக்கித் தேய்த்தாள். அது முதலில் கரகரவென்றது, பிறகு வழுக்கியது. மடித்துப் பார்த்தாள். அதன் வயிற்றில் பழுப்பாகப் புழுதி. வண்டி சுத்தமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோமே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளங்கையால் தடவினாள். கண்ணாடி மாதிரி இருந்தது. முடிந்தது என்று நினைத்தாள்.

மாமனார் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரமாக அந்தத் துண்டை அவர் தொடவில்லை. எழுந்து வந்தார். கையைக் கழுவிக்கொண்டார். வலது கையைத் திருப்பி, நான்கு விரல்களின் பின்பக்கத்தைப் பானெட்டில் வைத்து மெதுவாக இழுத்தார். சவரம் முடிந்ததும் தாடையில் வைத்துப் பார்ப்பாரே, அப்படி. கண்ணை மூடியிருந்தார்.

ஓரிடத்தில் கை நின்றது.

"மாப்பிள்ளைக்குத் தாடி இருக்கு," என்றார்.

அவள் அங்கே தடவிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. புறங்கையைத் திருப்பி வைத்தாள். இருந்தது. ஓர் ஊசி முனை அளவு.

அதன்பிறகு பேச்சு குறைந்தது. அவர் முன்னால் போனார், அவள் உருண்டையோடு பின்னால் போனாள். இங்க. இங்கயும். கன்னம் சுத்தம். காதுகிட்ட கொஞ்சம். பக்கக் கண்ணாடியைக் காது என்றார். நம்பர் பிளேட்டுக்கு மேலே மீசை இருப்பதாகச் சொன்னார். கதவின் கீழ்ப்பகுதிக்குப் போனபோது அவரால் குந்தி உட்கார முடியவில்லை. அவள் சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். முழங்கால் வலியும் கொஞ்சம் உண்மைதான் போல.

கடைசிக் கதவில் அவர் கையை எடுக்காமலே கேட்டார்.

"ஹோட்டல்ல இடம் கிடைச்சிடுமா?"

"கிடைச்சா கண்ணாஸ்பத்திரிக்கு வர்றீங்களா?"

அவர் யோசித்தார்.

"கிடைச்சா வர்றேன். உன் வண்டியிலதான் வருவேன். பின் சீட்டுல."

பெயின்டர் வந்து மெஷினைப் பொருத்தினார். பானெட்டில் வைக்கும் முன் ஒரு முறை அவளைப் பார்த்தார். அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்து சத்தத்துக்குக் காதைக் கொடுத்திருந்தார். மெஷின் சுழன்றது. எங்கேயாவது ஒரு கீச்சென்ற சத்தம் வருமென்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். வரவில்லை. ஒரே சீரான இரைச்சல், ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்கு.

திங்கட்கிழமை டார்ச் வண்டியைப் போர்ட்டிகோவுக்குள் நிறுத்தச் சொல்லவில்லை. வெளியே, நடு வெயிலில் நிறுத்தச் சொன்னார். பவுடரும் மற்றவர்களும் நிழலில் நின்று பார்த்தார்கள். டார்ச் போன் வெளிச்சத்தைப் போட்டார். பானெட்டின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. ஒரே புள்ளி. சுற்றிலும் கறுப்பு. அவர் நகர்த்தினார், புள்ளி நகர்ந்தது. அவ்வளவுதான். கதவு, கூரை, டிக்கி. முட்டி போட்டுச் சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவையும் பார்த்தார். அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள். எழுந்தபோது கதவில் தன்னைக் கண்டு, காதோரம் கலைந்திருந்த முடியை ஒதுக்கிக்கொண்டார். ஒதுக்கிய பிறகுதான் எதைப் பார்த்து ஒதுக்கினோம் என்று அவருக்குத் தெரிந்தது.

"இப்ப யாரு தொடைக்கறது?"

"எங்க மாமனாரும் நானும்."

"உள்ள கொண்டு வாங்க. முன்னாடி விடுங்க."

பவுடர் தன் வண்டியில் ஏறிப் பின்னால் எடுத்தான். தேவைக்கு மேலேயே எடுத்தான். இறங்கி வந்து அவள் கதவில் முகத்தைப் பார்த்துக் கன்னத்தைத் தடவினான்.

"தங்கச்சி, இதுல என் பவுடர் கூடத் தெரியுது."

"வேர்வையும் தெரியுது அண்ணே."

அறைக்குள் போனாள். நாற்காலியில் உட்காரவில்லை. மேசை மேல் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் திறந்து நின்றபடியே குடித்தாள். பாதியில் நிறுத்தி மூச்சு விட்டாள். மிச்சத்தையும் குடித்தாள். மணி காலை பத்துதான் ஆகியிருந்தது. இன்னொன்றைத் திறந்தாள்.

மறுநாள் அவளுக்குப் போர்ட்டிகோவில் பகல் முறை இல்லை. வண்டியைக் கழுவி முடித்து, ஈரத் துணியை வாளியின் விளிம்பில் போட்டாள். ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். மாமனார் நாற்காலியில் இருந்தபடி முகத்தைத் திருப்பினார்.

"நெஜமாவே கிடைச்சுதா? இல்ல என்னைக் கூட்டிட்டுப் போறதுக்காகச் சொல்றியா?"

"பவுடரக் கேளுங்க மாமா."

"அவன் நீ சொல்லச் சொன்னா சொல்லுவான்." தாடையைத் தடவிக்கொண்டார். "அவ்வளவு பளபளப்பா இருக்கா என்ன? நான் எங்க பாக்கப் போறேன்."

அவள் என்ன சொன்னாலும் அது சொல்லாகத்தான் இருக்கும். வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

டொக் என்று ஒரு சத்தம். பிறகு டொக் டொக்.

"என்ன அது?"

பக்கக் கண்ணாடியின் மேல் ஒரு சின்னப் பறவை உட்கார்ந்திருந்தது. கீழே குனிந்து கதவைப் பார்த்தது. கதவில் இன்னொரு பறவை இருந்தது. தலையைச் சாய்த்தது, அதுவும் சாய்த்தது. சிறகை விரித்துப் பாய்ந்து கதவைக் கொத்தியது. திரும்பப் போய் உட்கார்ந்து இறகுகளை உப்பிக்கொண்டு மறுபடி பாய்ந்தது.

அவள் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. கழுத்தை முன்னால் நீட்டிக் காது கொடுத்தார். டொக். டொக் டொக். அவர் தோள் குலுங்கியது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

"விரட்டாத," என்றார்.

"கோடு போட்டுரும் மாமா."

"கொஞ்ச நேரம். தடவிப் பாத்துக்கலாம்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். பறவை கதவின் முன்னால் படபடத்தது. உள்ளேயிருந்த பறவையும் விடுவதாக இல்லை. அவற்றுக்குப் பின்னால், கறுப்புக்குள், தெருவும் மரமும் நாற்காலியும், நாற்காலியில் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருக்கும் ஒருவரும் இருந்தார்கள்.