மஞ்சள் விமானம் இரண்டு

ரிமோட்டில் சின்ன விமானம் பறக்கவிடுகிற எங்கள் சங்கத்தில் சில மாதங்களாக எல்லோரும் என்னிடம் சத்தமாகப் பேசினார்கள். கண்ணில் கோளாறு என்றால் காதிலும் கோளாறு இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்போல. கண்ணிலேயே கோளாறு இல்லை என்று நான் சொன்னதை யார் கேட்டார்கள்?

இலையுதிர் காலத்தில் என் பழைய விமானம் வேலிக் கம்பியில் போய் மாட்டியது உண்மைதான். வெயில் கண்ணில் அடித்தது, அவ்வளவுதான். ஆனால் சங்கத் தலைவர் ட்ரெவர் பிடிவாதமாக ஒரு சோதனை வைத்துவிட்டார். வானத்தில் இன்னொரு விமானமும் இருக்கும்போது நான் ஒரு வட்டம் அடித்து, ஓடுபாதையில் பத்திரமாக இறக்கிக் காட்ட வேண்டும். காட்டினால் பழையபடி தனியாகப் பறக்கவிடலாம். இல்லையென்றால் இனி எப்போதும் என் பக்கத்தில் ஒரு ஆள் நின்று, "அதோ இருக்கு, இதோ வருது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். விம்மேரா வட்டாரம் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். எனக்கு ஒருவர் வழி சொல்வதா? நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

குளிர்காலம் முழுவதும் புது விமானம் கட்டினேன். கொழுந்தன் டாரிலும் தனக்கு ஒன்று கட்டினான். அவனுடைய டிராக்டர் கொட்டகையில், ஒரே மேசையில் வேலை. பால்சா என்கிற லேசான மரப் பலகைகளை இரண்டிரண்டாக அடுக்கி ஊசி குத்தி, ஒரே வெட்டில் இருவருக்கும் இறக்கைச் சட்டங்களை எடுத்தோம். மேலே போர்த்துகிற பிளாஸ்டிக் தாளும் ஒரே சுருளிலிருந்துதான். மஞ்சள் உடம்பு, சிவப்பு முனை. வானத்தில் அடையாளம் தெரிய, ஏதாவது ஒன்றின் வயிற்றில் கறுப்புப் பட்டை ஒட்ட வேண்டும். எதில் என்பதில்தான் வம்பு.

"உங்கதுல ஒட்டுங்க அண்ணி. உங்களுக்குத்தான அடையாளம் வேணும்?"

"நான் வேலியிலதான் மோதுனேன். நீ பக்கத்து வயல் நெவிலோட ஆட்டு மேலயே எறக்குனவன். ஒன்னோடதுல ஒட்டு."

"அந்த ஆடு குறுக்க வந்துச்சு அண்ணி!"

கடைசியில் யாரும் ஒட்டவில்லை.

சோதனை நாளன்று மற்றவர்கள் சாசேஜ் வாட்டுகிற அடுப்பைச் சுற்றி நின்றார்கள். டாரில் மட்டும்தான் பேட்டரி ஏற்றித் தயாராக வைத்திருந்தான். ஆகவே கூடப் பறக்கிற விமானம் அவனுடையது என்று முடிவாயிற்று. முதலில் அவன் கிளப்பினான், பிறகு நான். ட்ரெவர் எங்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எங்கள் மைதானத்தில் எல்லோரும் ஒரே திசையில்தான் வட்டம் அடிப்போம். தூரத்தில், சூரியன் பக்கம், இரண்டு விமானங்களும் நெருங்கி வந்தன. இரண்டுமே கறுப்புப் புள்ளிகள். புள்ளிகள் ஒன்றாயின, பிறகு பிரிந்தன. என்னுடையது வெயிலிலிருந்து வெளியே வந்தது. அதைவிட்டு நான் கண்ணை எடுக்கவே இல்லை.

ரிமோட்டில் குச்சியை இடப்பக்கம் தள்ளினேன். திரும்பியது, ஆனால் கொஞ்சம் தாமதமாக. காற்று என்று நினைத்தேன். மூக்கை லேசாக இறக்கினேன். நான் கேட்டதைவிட அதிகமாக இறங்கியது. பேட்டரி சூடேறிவிட்டதோ? அல்லது இறக்கையைக் கோணலாக ஒட்டிவிட்டேனா? ஏதோ சரியில்லை, என்னவென்று பிடிபடவில்லை.

"எறங்குறேன்!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். முதலில் கத்துகிறவருக்குத்தான் ஓடுபாதை. மோட்டாரை நிறுத்தினேன். கடைசி நேரத்தில் காற்று தள்ள, குச்சியை வலப்பக்கம் ஒரு சுண்டு சுண்டினேன். விமானம் நேராகி, இரண்டு சக்கரமும் ஒன்றாகப் புல்லைத் தொட்டன. வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் இறக்கியதே இல்லை.

ட்ரெவர் கைதட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. விமானத்தை எடுக்க நடந்தேன். டாரிலும் கூடவே வந்தான்.

"நீ எங்கடா வர்ற?"

"என் பிளேன எடுக்க."

"ஒன்னோடது மேல இருக்குடா!"

"இதான் அண்ணி என்னோடது. எறங்குறேன்னு கத்துனேன்ல?"

"நான்தான கத்துனேன்?"

இருவரும் ஒரே மூச்சில் கத்தியிருக்கிறோம். அண்ணாந்து பார்த்தோம். வானம் காலியாக இருந்தது.

ட்ரெவர் ஓடிவந்தார். "ரெண்டு பேரும் குச்சிய ஆட்டுங்க. யாருக்கு வாலு ஆடுதுன்னு பாப்போம்."

நான் ஆட்டினேன். வால் அசையவில்லை. குச்சி உடைந்துவிடும் அளவுக்கு ஆட்டினேன். அப்போதும் இல்லை. டாரில் ஒரு விரலால் தொட்டான். வால் இடமும் வலமும் ஆடியது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். அப்படியென்றால் என் கை இவ்வளவு நேரம் எதை ஓட்டியது? எப்போது மாறியது? வெயிலிலா, அதற்கு முன்பேயா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது.

"கிளெனிஸ்! ஒன் சாமான் இங்க கெடக்கு!"

மைதானத்தை ஒட்டிய மசூர் பருப்பு வயலிலிருந்து நெவில் கையை வீசினார். நிலம் மொத்தமும் அவருடையது. ஓடினோம். என் விமானம் செடிகளுக்கு நடுவே, யாரோ கையால் எடுத்து வைத்ததுபோல உட்கார்ந்திருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

நெவிலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "களை புடுங்கக் குனிஞ்சிருந்தேன். சத்தமே இல்ல. நிமிந்தா மூஞ்சிக்கு நேரா வருது! கடைசி நேரத்துல வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டுன பாரு, காதோரமா உரசிட்டுப் போச்சு. அடேங்கப்பா! என்னா கண்ணு ஒனக்கு!"

ட்ரெவர் தொண்டையைச் செருமினார். "நானும் ரெண்டையும் மாத்தித்தான் பாத்துட்டேன். ஆளுக்கும் அடியில்ல, பிளேனுக்கும் அடியில்ல. பாஸ்னு வெச்சுக்கலாம் கிளெனிஸ்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. டாரில் என் முதுகில் தட்டினான். நெவிலின் காதைப் பார்த்தேன். வெயிலில் சிவந்த, பெரிய, சாதாரணக் காது. காற்று தள்ளியபோது நான் குச்சியைச் சுண்டியது டாரிலின் விமானத்துக்காக. அந்தக் காற்று அடிக்காமல் இருந்திருந்தால்?

"நெவில், நான் ஒன்னப் பாக்கல."

"எப்போ?"

"பாக்கவே இல்ல. நீ இங்க நின்னதே எனக்குத் தெரியாது."

அவர் இன்னும் கொஞ்சம் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"பாஸெல்லாம் வேணாம் ட்ரெவர்," என்றேன். "பக்கத்துல ஒரு ஆளப் போடுங்க."

நெவில் தன் காதைத் தடவிக்கொண்டு நின்றார்.